இசட் டிரைவ் யாருக்குத் தெரியவில்லை? நெல்லை மொத்தக் கடை ஒன்றின் நெட்வொர்க் கோளாறு குறித்த நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோயில் ரத வீதியை ஒட்டி அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றில், மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்பட்ட நாளுக்கு மறுநாள் காலை, மூன்று கணினிகளில் ஒருசேர ‘இசட் டிரைவைக் காணோம்’ என்ற புகார் எழுந்தது. கடையின் வரவு செலவு, சரக்கு இருப்பு, ஜிஎஸ்டி பில்கள் ஆகிய அனைத்தும் அந்த ஒரு டிரைவில்தான் இருந்தன. அது திறக்காதவரை ஒரு மூட்டைக்குக்கூடப் பில் போட இயலாது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கத்து ஆலைகளிலிருந்து வந்த லாரிகள் கிட்டங்கி வாசலில் நின்றுகொண்டிருக்க, எடைக் கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரர்கள் தாங்களே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: மின்சாரம் நின்று வந்ததால் சர்வர் கெட்டுவிட்டது என்பது அது. காலத்தால் அடுத்தடுத்து நிகழ்ந்தவை என்பதால் அந்த ஐயம் இயல்பானதே. ஆனால் மூன்று கணினிகளிலும் காரணம் வெவ்வேறாக இருந்தது என்பதும், மூன்றில் இரண்டு காரணங்கள் மின்தடைக்கு முன்பே கணினிக்குள் இருந்து, எல்லா இயந்திரங்களும் ஒரே நாளில் அணைந்து எழுந்தபோது மட்டுமே வெளிப்பட்டன என்பதும் ஆய்வில் தெரியவந்தன. அதனால்தான் இந்த நிகழ்வை விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

கடையின் அமைப்பு

மாடியில் கணக்கப்பிள்ளையின் அறையில் ஒரு சாதாரண டெஸ்க்டாப் கணினியைத்தான் சர்வர் என்று அழைத்துவந்தார்கள். அதில் விண்டோஸ் 10 ப்ரோ இருந்தது. அதன் ‘கணக்கு’ என்னும் ஃபோல்டர் பகிரப்பட்டு, மற்ற நான்கு கணினிகளிலும் இசட் என்ற எழுத்தில் மேப் செய்யப்பட்டிருந்தது; அதாவது, அந்தந்தக் கணினியின் சொந்த டிரைவ் போலவே தெரியும்படி இணைக்கப்பட்டிருந்தது. அந்த நான்கும் கீழே பில் மேசையிலும், மாடியில் கணக்கப்பிள்ளையிடமும் கடை உரிமையாளரான அண்ணாச்சியிடமும், பின்புறக் கிட்டங்கியிலும் இருந்தன. பயனர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் எதுவும் கிடையாது. எல்லாம் ஒரே வொர்க்குரூப், அதாவது தனித்தனிக் கணினிகளின் குழு. பகிரப்பட்ட ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று விட்டிருந்தார்கள். இந்தக் கடைசிச் செய்தி பின்னால் முக்கியமாகிறது.

முதல் சோதனைகள்

இத்தகைய புகார் வந்தவுடன் பலரும் ‘நெட்வொர்க்’ என்ற பகுதியைத் திறந்து, அங்கே சர்வரின் பெயர் தெரிகிறதா என்று தேடுவார்கள். தெரியாவிட்டால் இணைப்பே இல்லை என்று முடிவு கட்டுவார்கள். அந்தப் பட்டியலைத் தயாரிப்பவை, அக்கம்பக்கத்துக் கணினிகளைக் கண்டறிவதற்கென்றே தனியாக இயங்கும் சேவைகள். அவை நின்றுபோனாலும், நெட்வொர்க்கைப் ‘பொது’ வகை என விண்டோஸ் கருதினாலும் பட்டியல் வெறுமையாக இருக்கும். ஆனால் மேப் செய்த டிரைவ் அப்போதும் ஒழுங்காக வேலை செய்யக்கூடும். ஆகவே அங்கிருந்து தொடங்குவது நேரத்தை வீணாக்கும்.

சர்வர் உயிரோடு இருக்கிறதா, அதன் ஐபி முகவரி ஒழுங்கானதா, கோப்புப் பகிர்வுக்கான நுழைவாயிலாகிய 445ஆம் போர்ட் மற்றக் கணினிகளிலிருந்து எட்டுகிறதா என்பவற்றையே முதலில் பார்த்தோம். ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்காத கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். மின்தடைக்குப் பின் இது அடிக்கடி காணக்கூடியது. இங்கே எந்தக் கணினியிலும் அப்படி இல்லை. சர்வரில் ஃபோல்டரும் கோப்புகளும் முழுமையாக இருந்தன. அண்ணாச்சியின் கணினியில் இசட் டிரைவ் தயக்கமின்றித் திறந்தது. ‘அங்கன தெரியுது, இங்கன தெரியலை’ என்று பில் மேசையில் இருந்த தம்பி சொன்னதே அந்தக் காலையில் கிடைத்த மிகப் பயனுள்ள தகவல். சர்வர் கெட்டிருந்தால் எங்கும் தெரிந்திருக்காது.

பில் மேசை

மூன்றில் எளியது இது. இசட் டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தது. அதை இருமுறை சொடுக்கியதும் சற்றுத் தாமதித்துத் திறந்துகொண்டது. கட்டளைச் சாளரத்தில் (கமாண்ட் ப்ராம்ப்ட்), நெட்வொர்க் இணைப்புகளைப் பட்டியலிடும் ‘நெட் யூஸ்’ கட்டளையைக் கொடுத்தபோது, அதுவரை ‘கிடைக்கவில்லை’ என்றிருந்த நிலை, திறந்த பிறகு ‘சரி’ என்று மாறியது. சர்வரை எப்போதும் அணைக்காமல் வைத்திருப்பது கடையின் வழக்கம். அதனால் பயனர் உள்நுழையும் நொடியில் விண்டோஸ் பழைய மேப்பிங்கைத் தேடும்போதெல்லாம் சர்வர் பதில் சொல்லத் தயாராக இருந்தது. இம்முறை எல்லாமே ஒன்றாக எழுந்தன. கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சும் சர்வரும் தயாராவதற்கு முன்பே பில் கணினி உள்நுழைந்து, கதவைத் தட்டிப் பார்த்து, பதில் இல்லாததால் குறியிட்டுவிட்டது. விண்டோஸ் 10இன் 1809ஆம் பதிப்பு 2018இல் வெளிவந்தபோது, உள்நுழையும்போது மேப் செய்த டிரைவ்கள் மீண்டும் இணையாமல் போகும் கோளாறு பரவலாக இருந்து, பின்வந்த புதுப்பித்தலில் சரிசெய்யப்பட்டது. இக்கணினி அதைக் கடந்த பதிப்பில் இருந்ததால் அதைக் காரணமாகக் கொள்ளவில்லை.

உள்நுழைந்து ஒரு நிமிடம் கழித்து மேப்பிங்கைப் புதுப்பிக்கும் சிறு கட்டளைக் கோப்பு ஒன்றை குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் வைத்ததோடு, மின்சாரம் திரும்பியவுடன் சர்வர் தானே இயங்கத் தொடங்கும்படி அதன் தொடக்க அமைப்பான பயாஸில் அமைத்தோம். அந்தக் கட்டளை, உள்நுழைந்த பயனரின் சாதாரண உரிமையிலேயே இயங்க வேண்டும். ‘உச்ச உரிமையுடன் இயக்கு’ என்ற பெட்டியை டிக் செய்யக் கூடாது. ஏன் கூடாது என்பதற்கு அடுத்த கணினியே விடை.

கணக்கப்பிள்ளையின் கணினி

இங்கே நிலைமை வியப்பாக இருந்தது. இசட் டிரைவ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் எந்தச் சிவப்புக் குறியும் இல்லாமல் தெரிந்தது. உள்ளே இருந்த கோப்புகளைத் திறக்கவும் முடிந்தது. ஆனால் கணக்கு மென்பொருளைத் தொடங்கினால், தரவு இருக்கும் பாதை கிடைக்கவில்லை என்று அது சொன்னது. பாதையைத் தேர்ந்தெடுக்கும் சாளரத்திலும் சி, டி என்ற இரண்டே டிரைவ்கள் இருந்தன. கண்ணுக்கு எதிரே இருக்கும் டிரைவை மென்பொருள் இல்லை என்பதால், மென்பொருளையே அழித்துவிட்டுப் புதிதாக நிறுவலாம் என்ற பேச்சு ஏற்கெனவே எழுந்திருந்தது. அதைத் தடுத்தது நல்லதாயிற்று.

கட்டளைச் சாளரத்தை இருவிதமாகத் திறந்து பார்த்தோம். வழக்கம்போலத் திறந்த சாளரத்தில் ‘நெட் யூஸ்’ இசட் டிரைவைக் காட்டியது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த சாளரத்தில் அதே கட்டளை, பட்டியலில் எதுவும் இல்லை என்றது. ஒரே கணினி, ஒரே பயனர், ஒரே நிமிடம், இரண்டு விடைகள். இந்த ஒரு சோதனையிலேயே நோய் இன்னதென்று உறுதியாகிவிட்டது.

விண்டோஸில் ஒரு நெட்வொர்க் ஃபோல்டருக்கு டிரைவ் எழுத்தைக் கொடுக்கும்போது, அந்த எழுத்து கணினிக்கு எழுதிவைக்கப்படுவதில்லை. அப்போது உள்நுழைந்திருக்கும் பயனரின் அமர்வுக்கே, அதாவது அவர் உள்நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரையான பணிக்கே, எழுதிவைக்கப்படுகிறது. 2007இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் பயனர் கணக்குக் கட்டுப்பாடு என்னும் பாதுகாப்பு ஏற்பாடு நுழைந்தபோது, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுள்ள ஒருவர் உள்நுழைந்தால் அவருக்கு இரண்டு அடையாளங்கள் உருவாக்கப்பட்டன: அன்றாட வேலைக்கான, உரிமை குறைக்கப்பட்ட அடையாளம் ஒன்று, அனுமதி கேட்டு ‘ஆம்’ என்று அழுத்திய பின் பயன்படும் முழு உரிமை அடையாளம் மற்றொன்று. இவை இரண்டும் தனித்தனி அமர்வுகளாகவே கருதப்படுகின்றன. எக்ஸ்ப்ளோரர் இயங்குவது முதல் அமர்வில். அங்கே மேப் செய்த இசட், இரண்டாம் அமர்வில் இயங்கும் நிரலுக்குத் தெரியாது. கணக்கப்பிள்ளைக்கு இதை அவர் தொழிலை வைத்தே விளக்கினோம்: ஒரே வியாபாரிக்குப் பேரேட்டில் இரண்டு பக்கங்கள் இருந்து, ஒன்றில் எழுதிய பற்று மற்றதில் ஏறாமல் இருப்பது போன்றது இது. அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

அப்படியானால் கணக்கு மென்பொருள் ஏன் இரண்டாம் அமர்வில் இயங்கியது? அதன் குறுவழியின் (ஷார்ட்கட்) பண்புகளைத் திறந்தபோது, ‘அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு’ என்ற பெட்டி டிக் செய்யப்பட்டிருந்தது. முன்பு ஒருமுறை மென்பொருளைப் புதுப்பிக்க வந்தவர், அனுமதிச் சிக்கல் ஒன்றைத் தாண்டுவதற்காக அதை டிக் செய்து, திரும்ப எடுக்காமல் போயிருக்கிறார். பிறகும் அது எப்படி வேலை செய்தது என்ற கேள்வி எழும். புதுப்பித்தபின் மென்பொருள் தானே மீண்டும் தொடங்கியபோது அந்தக் குறுவழி பயன்படுத்தப்படவில்லை. அதன்பின் கணக்கப்பிள்ளை கணினியை அணைப்பதும் இல்லை, மென்பொருளை மூடுவதும் இல்லை. மாலையில் திரையை மட்டும் அணைத்துவிட்டுச் செல்வார். மின்தடை நாளில்தான் எல்லாம் மூடப்பட்டது. மறுநாள் குறுவழியைச் சொடுக்கியபோது மென்பொருள் முதன்முறையாக அட்மினிஸ்ட்ரேட்டராக எழுந்தது. மின்சாரத்தின்மீது பழிபோட இங்கே இடமில்லை.

தீர்வுகள் பல உண்டு; எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. பயனர் கணக்குக் கட்டுப்பாட்டையே அணைத்துவிடுங்கள் என்று பலரும் சொல்வதுண்டு. வங்கிப் பரிவர்த்தனையும் வரிக் கணக்கும் நடக்கும் ஒரு கணினியில் அதைச் செய்வது பொறுப்பற்ற செயல் என்பது என் உறுதியான கருத்து. இரண்டாவது வழி, விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் கணினி முழுமைக்குமான கொள்கைகள் உள்ள பகுதியில் ‘எனேபிள் லிங்க்ட் கனெக்‌ஷன்ஸ்’ என்ற மதிப்பை உருவாக்கி அதற்கு 1 கொடுத்துக் கணினியை மறுதொடக்கம் செய்வது. அப்போது ஓர் அமர்வில் மேப் செய்தது மற்றதிலும் தெரியும். இது வேலை செய்யும். ஆனால் இரு அமர்வுகளுக்கும் நடுவே வேண்டுமென்றே வைத்த தடுப்பை இது தளர்த்துகிறது. மேலும், சாதாரணப் பயனராக உள்நுழைந்து வேறொரு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்து நிரலை உயர்த்துபவருக்கு இது பயன்படாது. அங்கே இரண்டு அமர்வுகளும் இரு வேறு ஆட்களுடையவை.

நாங்கள் செய்தது, அந்த டிக்கை எடுத்ததுதான். நாள்தோறும் பில் போடும் மென்பொருளுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை தேவையே இல்லை. அதோடு, மென்பொருளின் தரவுப் பாதையை இசட் என்ற எழுத்திலிருந்து \\சர்வர்\கணக்கு என்ற முழுப் பாதைக்கு மாற்றினோம். முழுப் பாதைக்கு எழுத்து வேண்டியதில்லை. அந்தப் பயனருக்கு சர்வரில் நுழைய உரிமை இருந்தால், எந்த அமர்விலிருந்தும் திறக்கும். எழுத்து மனிதர்களின் வசதிக்கு இருக்கட்டும். நிரல்களுக்கு முழுப் பாதையே பாதுகாப்பு. எழுத்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், எழுத்து வரிசையின் கடைசியிலிருந்து எடுப்பது நல்லது. ஈ, எஃப் போன்றவற்றை மேப் செய்தால், யாராவது ஒரு பென் டிரைவைச் செருகிய நிலையில் கணினி எழும்போது அது அந்த எழுத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கிட்டங்கிக் கணினி

கிட்டங்கியில் இருந்தது அண்மையில் வாங்கிய விண்டோஸ் 11 ப்ரோ கணினி. மின்தடை அறிவிப்பு முந்தைய நாளே வந்திருந்ததால், மாலையில் அதை ஒழுங்காக அணைத்திருந்தார்கள். அணைக்கும் பட்டியலில் ‘புதுப்பித்து அணை’ என்று இருந்ததை அழுத்தியிருந்தார்கள். அதன் வழியாக 24எச்2 என்னும் பெரும் புதுப்பித்தல் நிறுவப்பட்டிருந்தது. 2024 அக்டோபரில் வெளிவரத் தொடங்கிய அந்தப் பதிப்பில் கோப்புப் பகிர்வின் விதிகள் இரண்டு இறுகின: ப்ரோ உள்ளிட்ட பதிப்புகளில் சர்வருடனான உரையாடல் ஒவ்வொன்றும் டிஜிட்டல் முறையில் கையொப்பமிடப்பட வேண்டும் என்பது இயல்புநிலை ஆயிற்று, பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தினராக நுழைவது ப்ரோ பதிப்பிலும் இயல்பாகத் தடுக்கப்பட்டது. எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் இந்தத் தடை 2017இலேயே, விண்டோஸ் 10இன் 1709ஆம் பதிப்போடு வந்துவிட்டது. இத்தனை ஆண்டுகள் ப்ரோவுக்கு விலக்கு இருந்தது.

இசட் டிரைவைத் திறக்க முயன்றபோது வந்த செய்தியைக் கிட்டங்கித் தம்பி கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தது பாராட்டத்தக்கது. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கைகள், சரிபார்க்கப்படாத விருந்தினர் அணுகலைத் தடுக்கின்றன என்பது அதன் பொருள். ‘நாம ஒரு கொள்கையும் போடலையே தம்பி’ என்று அண்ணாச்சி கேட்டது நியாயமானதுதான். அங்கே கொள்கை என்பது விண்டோஸின் இயல்புநிலையைக் குறிக்கிறதே அன்றி, கடையில் யாரோ செய்த ஏற்பாட்டை அன்று.

இந்தத் தடையை நீக்கும் அமைப்பு விண்டோஸிலேயே இருக்கிறது. இரண்டு மாற்றங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். அதைச் செய்ய நான் மறுத்தேன். விருந்தினர் நுழைவு திறந்திருக்கும் வரை, கடையின் வைஃபையில் இணையும் எந்தக் கைப்பேசியும், வெளியிலிருந்து கொண்டுவரும் எந்த மடிக்கணினியும் கணக்கு ஃபோல்டரைத் திறந்து எழுதவும் அழிக்கவும் முடியும். 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் பல நாடுகளில் பரவியது, கோப்புப் பகிர்வின் மிகப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தும் நிறுவாதவர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஒரே ஃபோல்டரில் முழு வியாபாரத்தையும் வைத்திருக்கும் கடை, இதுபோன்ற இறுக்கத்தைத் தளர்த்தக் கூடாது.

சர்வரில் கடைக்கென ஒரு பயனர் கணக்கைப் பாஸ்வேர்டுடன் உருவாக்கி, ஃபோல்டரின் பகிர்வு உரிமையையும் கோப்பு உரிமையையும் அந்தப் பயனருக்குக் கொடுத்து, பாஸ்வேர்டு இல்லாத பகிர்வை நிறுத்தினோம். பாஸ்வேர்டு போட்டால் ஆளுக்கு ஆள் மறந்துவிடுவார்கள் என்று அண்ணாச்சி தயங்கினார். ஒவ்வொரு கணினியிலும் பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் ஒருமுறை பதிந்துவிட்டால், அன்றாடம் யாரும் எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை என்று காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: கணினியைத் திறக்கப் பயன்படுத்தும் நான்கு இலக்க பின் எண், சர்வரிடம் செல்லாது. பலர் அதையே திரும்பத் திரும்ப அடித்துவிட்டு, பாஸ்வேர்டு தவறு என்ற செய்தியைக் கண்டு குழம்புகிறார்கள்.

புதிய பயனர் பெயரில் பில் மேசைக் கணினியை இணைக்கும்போது 1219 என்ற பிழை எண் வந்தது. ஒரே அமர்விலிருந்து ஒரே சர்வருக்கு இரு வேறு பயனர் பெயர்களில் இணைப்பு வைத்திருக்க விண்டோஸ் அனுமதிப்பதில்லை. காலையில் விருந்தினராகத் திறந்த பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருந்தது. எல்லா மேப்பிங்கையும் நீக்கி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்ததும் புதிய இணைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இரவுப் பிரதி

புகாரில் இடம்பெறாத, ஆனால் மூன்றையும்விடக் கவலைக்குரிய ஒன்று, அண்ணாச்சியின் கணினியைப் பார்த்தபோது தெரிந்தது. அந்தக் கணினியில் இசட் டிரைவ் ஒழுங்காகத் திறந்ததால் யாரும் அதை ஐயுறவில்லை. இரவுதோறும் இசட் டிரைவில் உள்ளதை ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுக்கும் வேலை அங்கே டாஸ்க் ஷெட்யூலரில் அமைக்கப்பட்டிருந்தது. கணக்கு மென்பொருளுக்கு நேர்ந்ததைக் கண்ட பிறகு, இந்த வேலை எந்த அமர்வில் இயங்குகிறது என்று பார்க்கத் தோன்றியது. ‘பயனர் உள்நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இயக்கு’ என்ற தேர்வில் அது இருந்தது. அந்தத் தேர்வில் வேலை, திரைக்குப் பின்னால் தனக்கென ஓர் அமர்வைத் திறந்துகொள்கிறது. அந்த அமர்வில் இசட் என்ற எழுத்தே கிடையாது.

அந்த வேலை பயன்படுத்திய ரோபோகாப்பி என்னும் பிரதி நிரலின் பதிவுக் கோப்பைத் திறந்தோம். மூல ஃபோல்டரை அணுகும்போது பிழை 3, குறிப்பிட்ட பாதை கிடைக்கவில்லை என்ற வரி ஒவ்வோர் இரவும் பதிவாகியிருந்தது. வெளி டிஸ்க்கில் இருந்த பிரதியின் தேதி பல மாதங்களுக்கு முந்தையது. டிஸ்க்கின் விளக்கு இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்ததால், பிரதி நடந்துகொண்டிருக்கிறது என்றே அனைவரும் நம்பியிருந்தார்கள். அண்ணாச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு இதை முதலில் முடிக்கச் சொன்னார். அது சரியான முடிவு.

சர்வரில் உருவாக்கிய பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் அதே எழுத்துகளில் அண்ணாச்சியின் கணினியிலும் உருவாக்கி, அந்தப் பயனரின் பெயரில், பாஸ்வேர்டைச் சேமித்து, வேலையை இயக்கினோம்; டொமைன் இல்லாத வொர்க்குரூப்பில் இரு பக்கமும் பெயரும் பாஸ்வேர்டும் ஒத்திருந்தால் சர்வர் ஏற்றுக்கொள்ளும். மூலப் பாதை \\சர்வர்\கணக்கு என்று மாற்றப்பட்டது. முதல் பிரதி முடிந்தவுடன், அதிலிருந்து ஒரு நிதியாண்டின் தரவை வேறொரு ஃபோல்டரில் மீட்டெடுத்து, கணக்கப்பிள்ளை மென்பொருளில் திறந்து, இருப்புநிலைத் தொகைகளைச் சரிபார்த்தார். மீட்டெடுத்துப் பார்க்காத பிரதியைப் பிரதி என்று கணக்கில் வைக்க முடியாது என்பதால் இதை வற்புறுத்தினேன். பிரதி நடந்ததா என்று பதிவுக் கோப்பின் கடைசி வரியைக் காலையில் பார்ப்பது இப்போது கணக்கப்பிள்ளையின் அன்றாட வேலைகளில் ஒன்று.

எஞ்சி நிற்பவை

சர்வரில் இருக்கும் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. புதிய கணினிக்கு மாற்றும்போது, அதற்கும் ‘சர்வர்’ என்ற அதே பெயரையே வைத்து, அதே பயனர் கணக்கையும் பகிர்வுப் பெயரையும் உருவாக்கினால், மென்பொருளின் பாதையையோ இரவுப் பிரதியின் பாதையையோ மாற்ற வேண்டியிராது. பழைய கணினியை நெட்வொர்க்கிலிருந்து எடுத்த பிறகே புதியதற்கு அந்தப் பெயரை வைக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது. கடையின் வைஃபையை வாடிக்கையாளர்களுக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் தனியாகப் பிரித்துக் கொடுக்கும் வேலையும் பாக்கி இருக்கிறது. அதற்கான வசதி இப்போது இருக்கும் ரௌட்டரிலேயே உண்டு. அடுத்த பராமரிப்பு மின்தடைக்கு முந்தைய மாலையில், எல்லாக் கணினிகளையும் வேண்டுமென்றே அணைத்து, ஒவ்வொன்றாக எழுப்பி, கட்டளைச் சாளரத்தை இருவிதமாகவும் திறந்து பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறோம்.